கேட்டுவிட்டு அணையும் கணினி: சேமிக்காத வேலையைக் காக்கும் அமைப்புகள்

திருகோணமலையில் ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்று மழை தொடங்கிவிட்டால், கணினியில் வேலை செய்கிறவர்களுக்கு மின்சாரம் எந்நேரத்தில் போகுமோ என்ற கவலையும் தொடங்கிவிடுகிறது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் நமது மாவட்டத்தின் கரையைக் கடந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மழைக்காலத்தில் மட்டுந்தான் இந்தக் கவலை என்றுமில்லை. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கினால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது.

எனினும், சேமிக்காத வேலை அழிந்துபோவதற்கு மின்தடையை மட்டும் காரணம் சொல்வது சரியன்று. உயர்தர மாணவர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்த செயற்றிட்ட அறிக்கையை, இரவோடிரவாக மறுதொடக்கம் செய்த விண்டோஸ் இல்லாமலாக்கலாம். பிரதேச செயலகத்தில் பாதி தட்டச்சு செய்த பயனாளிகள் பட்டியலை, கைதவறி அழுத்தப்பட்ட மின்பொத்தான் அழிக்கலாம். கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வேடு எழுதும் ஒருவரின் மடிக்கணினி, பற்றரி தீர்ந்து அப்படியே நின்றுவிடலாம். இந்த மூன்று இழப்புகளுக்கும் கணினிக்குள் மூன்று வெவ்வேறு அமைப்புகள் பொறுப்பாக இருக்கின்றன. அவற்றை மாற்றுவதற்குத் தொழினுட்ப அறிவு எதுவும் வேண்டியதில்லை. பெரும்பாலானவற்றை ஒருமுறை மாற்றிவைத்தால் போதும். எந்த அமைப்பு எதிலிருந்து காக்கிறது, எதிலிருந்து காக்காது என்ற விளக்கந்தான் வேண்டும். அதைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதியது எங்கே இருக்கிறது

நாம் தட்டச்சு செய்யும் எழுத்துகள் முதலில் ரெம் எனப்படும் முதன்மை நினைவகத்தில் தங்குகின்றன. அந்த நினைவகத்தின் ஒவ்வொரு சிறு கலத்திலும் நுண்ணிய கொள்ளளவி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள மின்னேற்றமே தகவல். அந்த ஏற்றம் தானாகவே கசிந்து குறைந்துகொண்டிருப்பதால், கணினி பொதுவாக 64 மில்லிசெக்கனுக்கு ஒருமுறையாவது எல்லாக் கலங்களையும் மீண்டும் ஏற்றிக்கொண்டேயிருக்கிறது. மின்சாரம் நின்றால் இந்தப் புதுப்பித்தலும் நின்றுவிடும், தகவலும் போய்விடும். நாம் சேமிக்கும் கட்டளையைக் கொடுக்கும்போதுதான் அந்த எழுத்துகள் வன்தட்டிலோ எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்திலோ பதியப்படுகின்றன. அங்கே பதிந்தவை மின்சாரம் இல்லாமலும் நிலைத்திருக்கும்.

ஆகவே கணினி அணையும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: முதன்மை நினைவகத்தில் இருந்தவை வன்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தனவா? இனிச் சொல்லப்போகும் அமைப்புகள் யாவும் இந்தக் கேள்விக்கு ஏதாவதொரு வகையில் விடை சொல்கின்றவையே.

ஒழுங்காக அணைத்தல்

தொடக்கப் பட்டியலில் "ஷட் டவுன்" என்பதைத் தெரிவுசெய்தால், விண்டோஸ் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பதில்லை. திறந்திருக்கும் ஒவ்வொரு மென்பொருளுக்கும் "அணையப் போகிறேன், சம்மதமா?" என்ற பொருளில் ஒரு செய்தியை அனுப்புகிறது. சேமிக்காத ஆவணம் ஒன்றை வைத்திருக்கும் மென்பொருள், சேமிக்கவா வேண்டாமா என்று உங்களிடம் கேட்டு நிற்கும். நீங்கள் பதில் சொல்லாவிட்டால் சில செக்கன்களில் முழுத்திரையில் ஒரு பட்டியல் தோன்றும். எந்தெந்த மென்பொருள்கள் அணைப்பதைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன என்பது அதில் இருக்கும். கீழே "ஷட் டவுன் எனிவே", "கான்சல்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே இந்த முழுத்திரை ஏற்பாடு இருந்துவருகிறது.

இந்தத் திரையைப் பலர் இடையூறாக நினைக்கிறார்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் அவசரத்தில் முதற் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். உண்மையில் சேமிக்காத வேலையைக் காப்பதற்குக் கணினி செய்யும் மிகச் சிறந்த உதவி இதுதான். எப்போதும் "கான்சல்" என்பதை அழுத்தித் திரும்பிப் போய், எந்த ஆவணம் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு மீண்டும் அணையுங்கள். அதற்கு ஒரு நிமிடங்கூடச் செல்லாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "கணினியை விரைவாக அணைக்கும் வழி" என்ற பெயரில் ஒரு யோசனை நீண்டகாலமாகப் பரவி வருகிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், அதாவது ரெஜிஸ்ட்ரியில், "ஆட்டோ எண்ட் டாஸ்க்ஸ்" என்ற பெயருடைய மதிப்பை 1 ஆக மாற்றும்படி அந்த யோசனை சொல்கிறது. அப்படி மாற்றினால் நான் மேலே சொன்ன பட்டியல் தோன்றாது. பதில் தராத மென்பொருள்களைக் கணினி கேட்காமலே மூடிவிடும். அணையும் நேரம் குறைவது உண்மைதான். ஆனால் குறைகிற அந்த நேரம் உங்களிடம் கேள்வி கேட்பதற்காக வைக்கப்பட்ட நேரமாகும். திருத்த வேலைக்குக் கொடுத்துத் திரும்பி வந்த கணினி திடீரென்று கேள்வியே கேட்காமல் அணையத் தொடங்கியிருந்தால், இந்த மதிப்பை யாரோ மாற்றியிருக்கலாம் என்று சந்தேகியுங்கள். திருத்தியவரிடமே சொல்லி அதை 0 ஆக்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டில் பழக்கமில்லாதவர்கள் தாமாகக் கைவைக்காமலிருப்பது நல்லது.

இதைப்போன்ற இன்னொன்று, கொமினிகேஷன் கடைகளிலும் பாடசாலைக் கணினி அறைகளிலும் காணப்படுகிறது. குறித்த நிமிடங்களுக்குப் பின்னர் கணினி தானாக அணையும்படி முகப்பில் ஒரு குறுக்குவழியை உருவாக்கி வைத்திருப்பார்கள். விண்டோஸின் "ஷட்டவுன்" கட்டளைக்குப் பூச்சியத்தைவிடக் கூடிய நேரத்தைக் கொடுத்தால், மென்பொருள்களை வலிந்து மூடுவதற்கான உத்தரவும் அதனுள் தானாகவே அடங்கிவிடுகிறது. குறித்த நேரம் வந்ததும் சேமிக்கவா என்ற கேள்விக்கு இடமிருக்காது. அப்படியொரு நேரக்கணிப்பு ஓடத் தொடங்கிவிட்டால், "கொமாண்ட் ப்ரொம்ப்ட்" எனப்படும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ஷட்டவுன் என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, ஏ என்ற ஆங்கில எழுத்து என்ற ஒழுங்கில் (shutdown /a) தட்டச்சு செய்து உள்ளிட்டால் அது நின்றுவிடும். கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

ஒழுங்கான அணைத்தலிலும் தப்பிப்போகும் ஒரு வகை வேலை உண்டு: இணைய உலாவியில் நிரப்பிக்கொண்டிருக்கும் விண்ணப்பப் படிவம். உலாவி மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களைக் கொண்டுவரும்படி அமைக்கலாம். பக்கம் வரும், ஆனால் பெட்டிகளில் நீங்கள் நிரப்பியவை வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை. நீண்ட பதில்களைக் கேட்கும் படிவமென்றால், பதில்களை முதலில் ஓர் ஆவணத்தில் எழுதிச் சேமித்துவிட்டுப் பின்னர் அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுவதே பாதுகாப்பானது.

ஸ்லீப், ஹைபர்னேட், ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்

இந்த மூன்று பெயர்களையும் தெளிவாகப் பிரித்தறிந்துகொண்டால் மற்றவை எளிதாகிவிடும்.

"ஸ்லீப்" நிலையில் திரையும் செயலியும் ஓய்வெடுக்கின்றன. முதன்மை நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் ஒரு விசையைத் தட்டியதும் விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்கிறது. ஆனால் அந்தச் சிறிதளவு மின்சாரமும் நின்றுவிட்டால் சேமிக்காதவை அழிந்துவிடும். மடிக்கணினியில் பற்றரி இருப்பதால் இந்த ஆபத்து சில மணித்தியாலங்களுக்குத் தள்ளிப்போகிறது. மேசைக்கணினியில் அது அந்தக் கணமே நேர்கிறது.

"ஹைபர்னேட்" நிலையில் நடப்பது வேறு. நினைவகத்தில் இருந்தவற்றை விண்டோஸ் ஒரு பெரிய கோப்பாக வன்தட்டில் எழுதி முடித்துவிட்டு, மின்சாரத்தை முற்றாக நிறுத்திவிடுகிறது. அதன் பின்னர் செருகியைப் பிடுங்கினாலும், மூன்று நாள் மின்சாரம் இல்லாமலிருந்தாலும், மீண்டும் தொடக்கும்போது அந்தக் கோப்பு வாசிக்கப்பட்டு, திறந்திருந்த ஆவணங்கள் திறந்தபடியே, சுட்டி நின்ற வரியிலேயே வந்து நிற்கும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்து இந்த வசதி இருக்கிறது. மின்சாரத்தை நம்பமுடியாத இடத்தில் வேலை செய்பவர்களுக்கு இதைவிட உதவியான ஒன்று விண்டோஸில் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் பெரும்பாலான கணினிகளில் இது பட்டியலில் காட்டப்படாமலே இருப்பதால், இப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

அதை வெளியே கொண்டுவரும் வழி இது. "கொன்ட்ரோல் பனல்" திறந்து "பவர் ஒப்ஷன்ஸ்" என்ற பகுதிக்குச் செல்லுங்கள். இடப்பக்கத்தில் மின்பொத்தான்கள் என்ன செய்யவேண்டும் என்பதைத் தெரிவுசெய்யும் இணைப்பு ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதி மங்கலாக, மாற்றமுடியாதபடி இருக்கும். மேலே இருக்கும் "தற்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று" என்ற பொருளுடைய ஆங்கில வரியை அழுத்தினால் அது திறந்துகொள்ளும். நிருவாகியின் கடவுச்சொல்லைக் கணினி கேட்கக்கூடும். பிறகு "ஹைபர்னேட்" என்பதற்கு எதிரே சரியடையாளம் இட்டுச் சேமித்துவிடுங்கள். இனி அணைக்கும் பட்டியலில் "ஸ்லீப்", "ஷட் டவுன்" ஆகியவற்றோடு அதுவும் தோன்றும்.

அந்தப் பக்கத்தில் "ஹைபர்னேட்" என்ற சொல்லே காணப்படாவிட்டால், வன்தட்டில் இடத்தை மீதப்படுத்துவதற்காக யாரோ அதை முற்றாக நிறுத்தியிருக்கலாம். அது எழுதும் கோப்புக்கு, வழக்கமான அமைப்பில், முதன்மை நினைவகத்தின் 40 சதவீத அளவு ஒதுக்கப்படுகிறது. 8 ஜிகாபைட் நினைவகமுள்ள கணினியில் அது ஏறத்தாழ 3.2 ஜிகாபைட். அந்த இடத்துக்காக இந்தப் பாதுகாப்பை இழப்பது நல்ல பேரமன்று.

மூன்றாவதான "ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்" குறித்துத்தான் அதிக குழப்பம் இருக்கிறது. அது அதே பக்கத்தில், முதலிலேயே, சரியடையாளமிடப்பட்டு இருக்கும். விண்டோஸ் 8 உடன் 2012இல் வந்த இந்த ஏற்பாடு, கணினியை அணைக்கும்போது இயங்குதளத்தின் உட்பகுதியை மட்டும் வன்தட்டில் எழுதி வைக்கிறது. அடுத்த முறை கணினி விரைவாகத் தொடங்குவதற்காக. உங்களுடைய மென்பொருள்களும் ஆவணங்களும் அதில் சேர்வதில்லை. அவை வழக்கம்போல மூடப்பட்டுவிடுகின்றன. இது இயங்குவதால் வேலை காக்கப்படும் என்று எண்ணியிருந்தால் அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

மேசைக்கணினி வைத்திருப்பவர்கள் "ஹைப்ரிட் ஸ்லீப்" என்ற ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். விஸ்டாவுடன் வந்த இது, பெயர் சொல்வதுபோலவே முதலிரண்டையும் இணைக்கிறது: நினைவகத்தில் இருப்பவற்றை வன்தட்டிலும் எழுதி வைத்துவிட்டு, பின்னர் சாதாரண "ஸ்லீப்" நிலைக்குப் போகிறது. மின்சாரம் போகாவிட்டால் கணினி உடனே விழித்துக்கொள்ளும். போனால் வன்தட்டிலிருந்து மீளும். "பவர் ஒப்ஷன்ஸ்" இன் உயர்நிலை அமைப்புகளில் "ஸ்லீப்" என்ற தலைப்பின் கீழ் இது இருக்கிறது. இதை இயங்கவைத்து, பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் கணினி "ஸ்லீப்" நிலைக்குப் போகும்படியும் அமைத்துவிட்டால், ஆவணத்தைத் திறந்தபடி விட்டுவிட்டுச் சாப்பிடப் போன நேரத்தில் மின்சாரம் போனாலும் எழுதியவை எஞ்சும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்த வரி காணப்படாது. அவற்றின் துயில்நிலை வேறு முறையில் இயங்குவதே காரணம்.

பொத்தானும் மூடியும்

"பவர் ஒப்ஷன்ஸ்" இன் அதே பக்கத்தின் மேற்பாதியில், மின்பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும், மடிக்கணினியின் மூடியை மூடினால் என்ன நடக்கவேண்டும் என்று தெரிவுசெய்யலாம். சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில், கைக்கெட்டும் உயரத்தில் மேசைக்கணினி இருந்தால், மின்பொத்தானுக்கு "டூ நத்திங்" என்று கொடுத்துவிடுங்கள். அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. மற்றவர்களுக்கு "ஹைபர்னேட்" பொருத்தமானது. மூடிக்கும் அதையே நான் பரிந்துரைப்பேன். மூடிய மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ பேருந்தில் நகருக்கு வருகிறவருடைய பற்றரி வழியில் தீர்ந்தாலும் அப்போது இழப்பு இருக்காது.

ஆனால் பொத்தானை நான்கு செக்கன் அல்லது அதற்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தால், இந்த அமைப்புகள் எதுவும் உதவாது. அது வன்பொருள் மட்டத்தில் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்கும் வழி. விண்டோஸ் முற்றாக உறைந்துபோன வேளைக்கென்று வைக்கப்பட்டது. கணினி மெதுவாக இருக்கிறது என்பதற்காக அதைப் பயன்படுத்துவது பிழை.

பற்றரியும் யூ.பி.எஸ்.ஸும்

உயர்நிலை அமைப்புகளின் கடைசியில் "பற்றரி" என்ற தலைப்பு இருக்கிறது. அதில் இரண்டு வரிகளைக் கவனியுங்கள். முதலாவது, பற்றரி மிகக் குறைந்த மட்டத்தை அடையும்போது என்ன செய்யவேண்டும் என்பது. அது "ஹைபர்னேட்" என்றே இருக்கவேண்டும். இரண்டாவது, அந்த மட்டம் எத்தனை சதவீதம் என்பது; பொதுவாக 5 சதவீதத்துக்கு அண்மையில் இருக்கும். புதிய பற்றரிக்கு அது போதுமானது. இரண்டு மூன்று ஆண்டுகள் பாவித்த பற்றரி, 15 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நின்றுவிடும் இயல்புடையது. நினைவகத்தை வன்தட்டில் எழுதி முடிக்கக் கணினிக்கு நேரம் கிடைக்காது. பழைய மடிக்கணினிகளில் இந்த மட்டத்தை 15, தேவையானால் 20 சதவீதமாக உயர்த்தி வைப்பது அறிவுடைமை.

மேசைக்கணினிக்குப் பற்றரி இல்லை, அங்கே மின்சாரம் போனதும் தன் பற்றரியிலிருந்து சிறிது நேரம் மின்சாரம் தரும் யூ.பி.எஸ். வேண்டும். நம் கடைகளில் யூ.பி.எஸ். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விலையையும், எவ்வளவு மின்சுமையைத் தாங்கும் என்பதைக் காட்டும் வி.ஏ. அளவையும் மட்டும் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாகக் கேட்கவேண்டியது, அதன் பின்புறத்தில் யூ.எஸ்.பி. இணைப்பு இருக்கிறதா என்பது. அந்த இணைப்புள்ள யூ.பி.எஸ். பலவற்றைக் கணினியோடு வயரால் இணைத்ததும், விண்டோஸ் அதை மடிக்கணினியின் பற்றரியைப்போலவே அடையாளங்கண்டு, திரையின் மூலையில் பற்றரிச் சின்னத்தைக் காட்டும். சிலவற்றுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருளை நிறுவவேண்டியிருக்கும். பற்றரிச் சின்னம் வந்தபின் மேலே சொன்ன இரண்டு வரிகளும் மேசைக்கணினியிலும் வேலை செய்யும்: மின்சாரம் போய், யூ.பி.எஸ். இறங்கிக்கொண்டிருக்கும்போது, ஆளில்லாத அறையிலும் கணினி தானாக "ஹைபர்னேட்" ஆகிவிடும். யூ.எஸ்.பி. இணைப்பு இல்லாத யூ.பி.எஸ். வெறுமனே சில நிமிட அவகாசத்தை மட்டுமே தரும். அந்த நிமிடங்களில் அதன் முன்னால் யாராவது இருந்தாக வேண்டும். யூ.பி.எஸ். இற்கு மட்டத்தை 30 சதவீதத்துக்குக் குறையாமல் வைப்பது நல்லது, சிறிய யூ.பி.எஸ். களின் சதவீதக் கணிப்பு துல்லியமானதன்று.

நமது ஊரின் வெயிலையும் இங்கே கணக்கிலெடுக்க வேண்டும். யூ.பி.எஸ். களில் வழக்கமாக இருப்பது ஈய அமிலப் பற்றரி. 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பநிலை ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர்கள் பின்பற்றும் பொதுவிதி. வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடுவது வழக்கம். யன்னலோர வெயிலிலோ அலுமாரிக்குள்ளோ யூ.பி.எஸ்.ஐ வைக்காமல் காற்றோட்டமான நிலத்தில் வையுங்கள்; மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பற்றரியை மாற்ற நேரும் என்று எதிர்பார்த்திருங்கள். லேசர் அச்சுப்பொறியை யூ.பி.எஸ். இல் இணைக்க வேண்டாம். அது சூடேறும்போது இழுக்கும் மின்னோட்டத்தைச் சிறிய யூ.பி.எஸ். தாங்காது.

இரவில் நடக்கும் மறுதொடக்கம்

விண்டோஸ் இற்றைப்படுத்தல்கள் பாதுகாப்புக்கு அவசியமானவை. அவற்றை நிறுத்திவைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். ஆனால் அவற்றுக்காக நடக்கும் மறுதொடக்கம் எந்நேரத்தில் நடக்கவேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். "செற்றிங்ஸ்" இல் "விண்டோஸ் அப்டேட்" பகுதியின் உயர்நிலைத் தெரிவுகளில் "எக்டிவ் அவர்ஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. அந்த மணித்தியாலங்களுக்குள் விண்டோஸ் தானாக மறுதொடக்கம் செய்யாது. காலை 8 மணி முதல் மாலை 5 மணி வரை என்பது அதன் பழைய இயல்புநிலை. இரவில் கண்விழித்துப் படிக்கும் மாணவருக்கு அது எந்த வகையிலும் பொருந்தாது. கூடியது 18 மணித்தியாலம் வரை குறிப்பிடலாம் என்பதால், காலை 8 மணி முதல் நள்ளிரவு தாண்டி 2 மணி வரை என்று தாராளமாக அமைத்துக்கொள்ளலாம். மறுதொடக்கம் தேவைப்படும்போது முன்கூட்டியே அறிவிக்கும்படி கேட்கும் தெரிவையும் அதே பக்கத்தில் இயக்கிவிடுங்கள். பரீட்சையோ ஒப்படைப்பு நாளோ நெருங்கினால், அதிகபட்சம் ஐந்து வாரம் வரை இற்றைப்படுத்தலைத் தற்காலிகமாக ஒத்திவைக்கவும் இடமுண்டு.

மறுதொடக்கத்துக்குப் பின்னர் முன்பு திறந்திருந்த மென்பொருள்களைத் தானாகத் திறக்கும் அமைப்பு ஒன்றும், "எக்கவுண்ட்ஸ்" பகுதியின் உள்நுழைவுத் தெரிவுகளில் இருக்கிறது. அது மென்பொருளைத் திறக்குமேயன்றி, அதனுள் எழுதியவற்றைத் திருப்பித் தரவேண்டுமென்று கட்டாயமில்லை.

மென்பொருளின் பங்கு

மைக்ரோசொஃப்ட் வேர்டில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள். சாளரத்தின் மேல் இடது மூலையில் இருக்கும் "ஓட்டோசேவ்" பொத்தான், சந்தா முறையிலான பதிப்பில், கோப்பு ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பகத்தில் இருக்கும்போது மட்டுமே தொடர்ச்சியாகச் சேமிக்கும். "ஓட்டோரிகவர்" என்பது வேறு. அது குறித்த இடைவெளியில் ஒரு மீட்புப் பிரதியைத் தனியே எழுதி வைக்கிறது. இயல்பாக இந்த இடைவெளி 10 நிமிடம். "ஃபைல்", "ஒப்ஷன்ஸ்", "சேவ்" என்று சென்று அதை 1 அல்லது 2 நிமிடமாக்குங்கள். சேமிக்காமல் மூடினாலும் கடைசி மீட்புப் பிரதியை வைத்திருக்கும்படி கேட்கும் அடுத்த வரியிலும் சரியடையாளம் இடுங்கள். லிப்ரே ஒஃபிஸ் பாவிப்பவர்கள் "டூல்ஸ்", "ஒப்ஷன்ஸ்" வழியாக "லோட்/சேவ்" பகுதியில் இதே இடைவெளியைக் குறைக்கலாம். இந்த மீட்புப் பிரதி, நீங்களாகச் சேமிப்பதற்குப் பதிலாக அமையாது. கோப்புக்கு முதல் வரி எழுதும்போதே ஒரு பெயர் கொடுத்துச் சேமித்துவிடும் பழக்கம், வேறெந்த அமைப்பும் தராத பாதுகாப்பைத் தருகிறது.

பென் டிரைவில் கொண்டுவந்த கோப்பை அங்கிருந்தே திறந்து திருத்துவது நம் கொமினிகேஷன் கடைகளில் அன்றாடம் நடக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால் கோப்பு முழுவதுமே திறக்கமுடியாதபடி பழுதாகலாம். முதலில் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து, வேலையை முடித்துச் சேமித்தபின் பென் டிரைவுக்குத் திருப்பி நகலெடுத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று எஞ்சியிருக்கும்.

அப்பிள் நிறுவனத்தின் மெக் கணினிகளில் நிலைமை சற்று இலகுவானது. 2011இல் வெளிவந்த லயன் பதிப்பிலிருந்து, அதற்கு ஏற்றவாறு எழுதப்பட்ட மென்பொருள்கள் தாமாகவே சேமித்துக்கொள்கின்றன. அணைக்கும்போது தோன்றும் பெட்டியில், மீண்டும் நுழையும்போது சாளரங்களைத் திறக்கும்படி குறிக்கவும் முடியும். உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில், அணைக்கும் கட்டளைக்குப் பின்னர் 60 செக்கன் எண்ணும் பெட்டி ஒன்று வழக்கமாகத் தோன்றும். அந்த நேரத்துக்குள் மனம் மாறினால் நிறுத்திவிடலாம். மின்பொத்தான் என்ன செய்யவேண்டும் என்பதை அங்கேயும் "பவர்" அமைப்புகளில் மாற்றலாம்.

சோதித்துப் பார்த்தல்

அமைப்புகளை மாற்றியதும் அவற்றைச் சோதிக்காமல் விடக்கூடாது. தேவைப்படும் நாளில்தான் அவை வேலை செய்யவில்லை என்பது தெரியவந்தால் மாற்றியதில் பயனில்லை. முக்கியமான கோப்புகள் அனைத்தையும் சேமித்து மூடிவிட்டு, வேர்டில் புதிய ஆவணம் ஒன்றில் இரண்டு வரி எழுதி, சேமிக்காமல் மின்பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். கணினி முற்றாக நின்று, விளக்குகள் அணைந்தபின் மீண்டும் தொடக்கும்போது அந்த இரண்டு வரியும் திரையில் இருந்தால் "ஹைபர்னேட்" சரியாக வேலை செய்கிறது. "டூ நத்திங்" என்று அமைத்தவர்கள் தொடக்கப் பட்டியலிலிருந்து அதைத் தெரிவுசெய்து பார்க்கலாம்.

யூ.பி.எஸ். இற்கும் இதே சோதனை வேண்டும். அதேபோல இரண்டு வரி எழுதியபின், யூ.பி.எஸ். செருகியிருக்கும் சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு, கணினியைத் தொடாமல் நேரத்தைப் பாருங்கள். யூ.பி.எஸ். நிற்பதற்கு முன்னரே கணினி தானாக "ஹைபர்னேட்" ஆகிவிட்டால் அமைப்பு சரி. யூ.பி.எஸ். முதலில் நின்றுவிட்டால், மட்டத்தை இன்னும் 10 சதவீதம் உயர்த்தி, பற்றரி முழுதாக ஏறியபின் மறுபடி பாருங்கள். 60 சதவீதம் வரை உயர்த்தியும் அதே நிலைதான் என்றால் பற்றரியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. இந்தச் சோதனையைப் புரட்டாதியில், மழை தொடங்குவதற்கு முன்னர், ஆண்டுதோறும் ஒருமுறை செய்துவிடுங்கள்.